நுகர்வுக் கலாச்சாரம் என்றால் என்ன, அது பூமியை எப்படிக் கரைக்கிறது?

யாராவது புதுக் கைபேசி வாங்கினால் "எல்லாம் நுகர்வுக் கலாச்சாரம்" என்கிறோம். இளைஞர்களைக் குறை சொல்லவும் அதே சொல்தான் கைக்கு வருகிறது. இன்னொரு பக்கம், "நான் துணிப்பைதான் எடுத்துப்போகிறேன், பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துப் போடுகிறேன், என் பங்கு முடிந்தது" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. முதல் தரப்பு இதை ஒழுக்கக் குறைபாடாகப் பார்க்கிறது. இரண்டாவது தரப்புக்கு இது குப்பைப் பிரச்சினை. இரண்டும் விஷயத்தின் ஓரத்தைத்தான் தொடுகின்றன.

என் பார்வையில் இதன் மையம் வேகம். பொருட்கள் மண்ணிலிருந்து கிளம்பி, நம் கை வழியாகக் கடந்து, மறுபடி மண்ணில் குப்பையாக விழும் வேகம். அது எப்படி உண்டாகிறது, அதனால் என்ன ஆகிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம். பொருளாதாரமோ சூழலியலோ படித்திருக்க வேண்டியதில்லை.

## நுகர்வது தவறல்ல

நுகர்வு என்றால் ஒன்றைப் பயன்படுத்தித் தீர்ப்பது. உணவு, உடை, கூரை, மருந்து, இரவில் படிக்க வெளிச்சம் எல்லாமே நுகர்வுதான். இவை போதிய அளவு கிடைக்காதவர்கள் உலகில் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் அதிகமாக நுகர வேண்டியவர்கள். அதனால் நுகர்வையே குற்றம் போலப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நுகர்வுக் கலாச்சாரம் என்பது வேறு. மேலும் மேலும் வாங்குவதே நல்ல வாழ்க்கையின் அடையாளம் என்ற நம்பிக்கை அதில் ஒரு பாதி. மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தால்தான் ஆலைகளும் வேலைகளும் நிலைக்கும் என்ற பொருளாதார அமைப்பு இன்னொரு பாதி. பேசும்போது நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குழாய் மெல்லத் திறந்திருக்கிறது, அடியில் சின்னத் துளை. மற்றதில் குழாய் முழுக்கத் திறந்திருக்கிறது, துளையும் பெரியது. வருவதும் போவதும் சமமாக இருந்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எட்டிப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

தொட்டியில் நிற்கும் தண்ணீர்தான் நம் வீட்டில் உள்ள பொருட்கள். குழாய் வழியாக வருவது பூமியிலிருந்து எடுப்பது, துளை வழியாகப் போவது குப்பை. இரண்டு பேரிடமும் பத்துப் பத்துச் சட்டைகள் இருக்கின்றன. ஒருவர் ஒரு சட்டையை ஐந்து ஆண்டு அணிகிறார், மற்றவர் ஓர் ஆண்டில் மாற்றிவிடுகிறார். அலமாரியைத் திறந்து பார்த்தால் இருவருக்கும் ஒரே வசதிதான். ஆனால் இரண்டாமவருக்காகப் பூமியிலிருந்து ஐந்து மடங்கு எடுக்க வேண்டியிருக்கிறது. இப்படிக் குழாயிலிருந்து துளைவரை ஓடும் அளவைப் பொருளோட்டம் என்று சொல்லலாம். பூமி தாங்க வேண்டியது நிற்கும் தண்ணீரை இல்லை, இந்த ஓட்டத்தை.

ஓட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது? மணல், ஜல்லி, தாதுக்கள், நிலக்கரி, எண்ணெய், மரம், பயிர் எல்லாவற்றையும் சேர்த்து 1970ல் உலகம் எடுத்தது சுமார் 3,000 கோடி டன். இப்போது ஆண்டுக்கு 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் மக்கள்தொகை சுமார் 370 கோடியிலிருந்து 800 கோடியாக, அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக உயர்ந்தது. எடுப்பதோ மூன்று மடங்குக்கும் மேல். வீடும் சாலையும் இல்லாதிருந்த நாடுகள் அவற்றைக் கட்டிக்கொண்டதும் இந்தக் கணக்கில் சேரும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டி முடித்த நாடுகளிலும் ஒரு தலைக்கான அளவு பெரிதாக இறங்கவில்லை.

## வட்டியும் முதலும்

வளங்குன்றாமை என்ற சொல்லிலேயே அதன் பொருள் இருக்கிறது. நம் தேவையை நிறைவேற்றிக்கொள்ளலாம், ஆனால் நமக்குப் பின்னால் வருபவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்கக் கூடாது. நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987ல் ஏறக்குறைய இப்படித்தான் இதை வரையறுத்தது.

சேமிப்புப் பணத்தை வைத்து இதைப் புரிந்துகொள்வது சுலபம். முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்பவருக்குப் பணம் தீராது. வட்டி போதாமல் முதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைப்பவர் சில ஆண்டுகள் முன்னவரைவிடச் செழிப்பாகவே வாழ்வார். பக்கத்தில் இருப்பவர்கள்கூட அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அப்புறம் முதலுக்கே மோசம். 'குந்தித் தின்றால் குன்றும் கரையும்' என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது.

காட்டில் ஓர் ஆண்டில் வளரும் மரம், கடலில் புதிதாகப் பிறக்கும் மீன், மழை நிலத்தடியில் சேர்க்கும் தண்ணீர் ஆகியவை வட்டி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கடலில் காட் என்ற மீனை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் பிடித்துவந்தார்கள். 1950களுக்குப் பிறகு, பிடித்ததைக் கப்பலிலேயே உறையவைக்கும் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. 1968ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் அள்ளினார்கள். அந்த ஆண்டின் கணக்கைப் பார்த்தவருக்குத் தொழில் அமோகமாக நடப்பதாகத்தான் தோன்றியிருக்கும். அள்ளியது வட்டி இல்லை, முதல். 1992ல் கனடா அரசு காட் பிடிப்பதையே நிறுத்த நேர்ந்தது. முப்பதாயிரம் பேர் வரை வேலை இழந்தார்கள். தடை போட்ட பிறகும் மீன் திரும்பிவிடவில்லை. முப்பது ஆண்டு கழித்தும் பழைய அளவுக்கு அது மீளவில்லை.

இயற்கை நமக்குத் தருவது போலவே நம் கழிவை வாங்கியும் கொள்கிறது. அதற்கும் ஓர் அளவு உண்டு. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் பாதியைக் கடலும் காடுகளும் மண்ணும் உள்வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றில் தங்கிவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 280 ஆக இருந்த அந்த வாயு இன்று 420ஐக் கடந்துவிட்டது. பூமியின் சூடு ஏறுவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

எடுப்பது, கொட்டுவது இரண்டையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர மாத்திஸ் வாக்கர்நாகல், வில்லியம் ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் ஒரு கணக்கை உருவாக்கினார்கள். பெயர் சூழலியல் தடம். நமக்கு வேண்டியதை விளைவிக்கவும் நம் கழிவை உள்வாங்கவும் எவ்வளவு நிலமும் கடலும் தேவை என்பதே அது. தோராயமான கணக்குதான், ஆனால் திசையைச் சரியாகக் காட்டுகிறது. அதன்படி மனிதகுலம் இப்போது பூமி ஓர் ஆண்டில் புதுப்பித்துத் தருவதைப்போல சுமார் 1.7 மடங்கு பயன்படுத்துகிறது. 1970களின் தொடக்கத்தில்தான் நாம் வட்டியைத் தாண்டி முதலில் கை வைத்தோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எத்தனை பொருட்கள் வைத்திருக்கிறோம் என்பதைவிட அவற்றை எவ்வளவு வேகமாக மாற்றுகிறோம் என்பது முக்கியம். அந்த ஓட்டம் இயற்கையின் வட்டிக்குள் அடங்கினால் வளம் குன்றாது. இப்போது அடங்கவில்லை.

## ஒரு சட்டை கைக்கு வரும் முன்

ஒரு பொருளால் வரும் கேட்டை நாம் பெரும்பாலும் அதைத் தூக்கி எறியும்போதுதான் நினைக்கிறோம். குப்பைத் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் இருக்கலாம். ஆனால் பல பொருட்களுக்குக் கேட்டின் பெரும்பகுதி அவை நம் கையைத் தொடும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு சாதாரணப் பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்வோம். பருத்தி விளைய, நூற்க, நெய்ய, சாயமேற்ற எல்லாம் சேர்த்து உலக சராசரியாகச் சொல்லப்படும் தண்ணீர் சுமார் 2,700 லிட்டர். ஒரு மனிதர் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் இரண்டரை ஆண்டுக்கு வரும். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொட்டும் வராது. அந்தத் தண்ணீர் எங்கோ ஒரு வயலிலும் ஒரு சாயப்பட்டறையிலும் செலவாகிவிட்டது.

அந்த "எங்கோ" எப்படி இருக்கும் என்பதற்கு ஏரல் கடலைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் இருக்கும் அது, 1960வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் கொண்டுவந்த அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஏரி சுருங்கத் தொடங்கியது. சுமார் ஐம்பது ஆண்டுகளில் பழைய பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியது. முய்னாக் என்ற துறைமுக ஊரில் மீன்பிடிப் படகுகள் இன்றும் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் இல்லை. காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து உப்பும் பூச்சிக்கொல்லி எச்சமும் கலந்த புழுதி கிளம்பிச் சுற்றியிருப்பவர்களின் மூச்சுக்குள் போனது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஏரலை வற்றவைத்தது கடைக்குப் போன யாரோ ஒரு வாடிக்கையாளர் இல்லை, மேலிருந்து வந்த அரசுத் திட்டம். அதைக் காட்டுவதற்குக் காரணம் வேறு. துணிக்குள் ஆறு ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஏரி அளவுக்கு வேறெதுவும் கண்முன் நிறுத்துவதில்லை. யார் கட்டளையிட்டாலும், எந்தச் சந்தைக்குப் போனாலும், பருத்திக்குத் தண்ணீர் அதே அளவுதான் வேண்டும்.

கைபேசியும் இதே கதைதான். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட தனிமங்கள் துளித் துளியாக இருக்கின்றன. ஒரு டன் பாறையை உடைத்துக் கழுவினால் சில கிராம் தங்கம் கிடைக்கும் சுரங்கங்களே லாபகரமானவை. பேட்டரிக்கான கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து தோண்டப்படுகிறது. சில்லுகள் செய்ய ஏராளமான மின்சாரமும் மிகத் தூய நீரும் தேவை. ஒரு பொருள் தாது நிலையிலிருந்து குப்பையாகும்வரை கடக்கும் முழுப் பாதையை வாழ்க்கைச் சுழற்சி என்பார்கள். ஒரு கைபேசியின் வாழ்க்கைச் சுழற்சியில் வெளியாகும் கரிம வாயுக்களில், அதாவது கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றில், சுமார் 80 சதவீதம் தயாரிப்புக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. இரவில் சார்ஜ் போடுவதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த கைபேசியை எப்போது வாங்குகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

கணக்குக்காக ஒரு பொருளைத் தயாரிப்பதில் 60 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் மாற்றினால் ஆண்டுக்கு 30 கிலோ. ஐந்து ஆண்டு வைத்திருந்தால் 12 கிலோ. பொருள் அதேதான், தொழிற்சாலையும் அதேதான். நம் கையில் இருந்த காலம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. ஓடும்போதே அதிகம் தின்னும் பொருட்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பழைய இழை பல்பு நன்றாக எரிந்தாலும் அதைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவதுதான் சரி, ஏனென்றால் எல்இடி அதே வெளிச்சத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமே எடுக்கும். பெட்ரோல் காரிலும் கேட்டின் பெரும்பகுதி ஓட்டுவதில்தான் இருக்கிறது. பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை.

## விலைச்சீட்டில் இல்லாத தொகை

இவ்வளவு செலவாகும் ஒரு சட்டை எப்படி மலிவாகக் கிடைக்கிறது? செலவில் ஒரு பகுதியை வாங்குபவரும் கொடுப்பதில்லை, விற்பவரும் கொடுப்பதில்லை. சாயக்கழிவு ஆற்றில் கலந்தால் ஆற்றோரம் வாழ்பவர்கள் நோயாகக் கொடுக்கிறார்கள். கரிம வாயுவுக்கான செலவை இன்னும் பிறக்காதவர்கள் வெயிலாகவும் வெள்ளமாகவும் கொடுக்கப்போகிறார்கள். இப்படி ஒரு வியாபாரத்தில் இல்லாத மூன்றாமவர் தலையில் விழும் செலவைப் புறச்செலவு என்று சொல்லலாம். அது விலையில் சேராதவரை, அதிகம் கெடுத்துச் செய்யப்பட்ட பொருளே கடையில் மலிவாக இருக்கும். மலிவானதை வாங்குபவரைக் குறை சொல்லி என்ன பயன், அவர் கண்ணுக்குத் தெரிந்த விலையைப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறார்?

## வேகம் எங்கிருந்து வந்தது?

மனிதர்களின் பேராசைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆசை எல்லாக் காலத்திலும் இருந்தது. வேகம் மட்டும் சென்ற நூறாண்டில்தான் இப்படி ஏறியிருக்கிறது. அதற்குப் பின்னால் மிக எளிய ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு நாட்டில் ஒரு கோடி வீடுகள். எல்லா வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டது. ஒரு பெட்டி இருபது ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5 லட்சம் பெட்டிகள்தான் விற்கும். ஆனால் எல்லா வீட்டுக்கும் முதல் முறை விற்ற காலத்தில் ஆலைகள் ஆண்டுக்கு 10 லட்சம் செய்யும் அளவுக்குக் கட்டப்பட்டுவிட்டன. இப்போது என்ன வழி? பாதி ஆலைகளை மூடலாம். அல்லது பெட்டியின் ஆயுள் பத்து ஆண்டாக வேண்டும். பெட்டியே பழுதாகி அது நடக்கலாம், நன்றாக ஓடும் பெட்டி பழையதாகத் தோன்றியும் நடக்கலாம். யாரும் கெட்டவராக இல்லாமலேயே, கணக்கே அந்தப் பக்கம் தள்ளுகிறது.

சில நேரம் ஆட்களும் தள்ளினார்கள். 1924ல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்புத் தயாரிப்பாளர்கள் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தார்கள். அப்போது 1,500 முதல் 2,000 மணி நேரம்வரை எரிந்துகொண்டிருந்த பல்புகளின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று வரையறுத்தார்கள். உறுப்பினர்களின் பல்புகளைச் சோதித்து, அதிக நேரம் எரிந்தால் தண்டம் விதித்தார்கள். ஆயுள் குறைந்தால் வெளிச்சம் கூடும் என்பது அவர்கள் தரப்பு வாதம், அதில் இயற்பியல் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் நீண்ட நேரம் எரிந்ததற்கு அபராதம் போட்டார்கள் என்பது நோக்கம் வேறெங்கோ இருந்ததைக் காட்டுகிறது. இரண்டாம் உலகப்போர் வந்துதான் அந்தக் கூட்டணி கலைந்தது.

பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்து வடிவமைப்பதற்குத் திட்டமிட்ட காலாவதி என்று பெயர். 1932ல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், பெர்னார்ட் லண்டன் என்ற அமெரிக்கர் இதை ஒரு தீர்வாகவே முன்வைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசு ஓர் ஆயுளை விதிக்க வேண்டும், காலம் முடிந்ததும் அதை அழித்துவிட்டு மக்கள் புதியது வாங்க வேண்டும், அப்போது ஆலைகள் மறுபடி ஓடும் என்றார். சட்டமாக அது வரவே இல்லை. ஆனால் வேலை கொடுப்பதற்காகப் பொருளை அழிக்கலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு யோசிக்கும் அளவுக்கு அந்தக் கணக்கு வலுவானது.

பொருளை உடையவைக்காமலும் ஆயுளைக் குறைக்கலாம். ஹென்றி ஃபோர்டு பல ஆண்டுகள் ஒரே காரை, கறுப்பு வண்ணத்தில் மட்டும் விற்றார். 1920களில் ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் ஆண்டுக்கு ஆண்டு புது வடிவம், புது நிறம் என்று இறக்கினார். சென்ற ஆண்டுக் கார் நன்றாகவே ஓடியது, ஆனால் தெருவில் நிற்கும்போது பழையதாகத் தெரிந்தது. இது மனதில் நடக்கும் காலாவதி. விளம்பரத்தின் வேலை பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு புதுப்பொருள் தன்னோடு இன்னும் பலவற்றை இழுத்துவரும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதெரோவுக்கு அழகான புது அங்கி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால் நாற்காலி மட்டமாகத் தெரிந்தது, மேசை மட்டமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழைய அங்கியை நினைத்து வருந்தி எழுதினார். திதெரோ விளைவு என்று இதற்கு இன்று பெயரே இருக்கிறது.

என் கம்பியில்லாக் காதுக்கருவி சார்ஜ் நிற்காமல் போனபோது பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். ஒலி தெளிவாக இருந்தது, பொத்தான்கள் வேலை செய்தன, பேட்டரி மட்டும்தான் தளர்ந்திருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல திருகாணியே இல்லைங்க, ஒட்டி வெச்சிருக்காங்க. உடைச்சாத்தான் பேட்டரியை எடுக்க முடியும், எடுத்தா மறுபடி மூட முடியாது" என்றார். விரல்நகம் அளவுள்ள ஒரு பேட்டரிக்காக மற்ற எல்லாம் குப்பையாயின. அன்றுதான் இந்த விஷயம் எனக்குப் படிப்பாக இல்லாமல் கோபமாக மாறியது.

துணியில் வேகம் இன்னும் கடுமை. 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஓர் ஆடையை அணியும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், பல நாடுகளிலிருந்து வந்து விற்காமல்போன துணிகள் மலைபோலக் கிடக்கின்றன. சிலவற்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

சுருக்கமாக: வேகம் ஆசையால் மட்டும் வருவதில்லை. விற்றுக்கொண்டே இருக்க வேண்டிய ஆலைக் கணக்கு, குறுகிய ஆயுளுக்கான வடிவமைப்பு, பழையதாக உணரவைக்கும் விளம்பரம் மூன்றும் அதை ஓட்டுகின்றன. புறச்செலவு விலையில் சேராததால் பிரேக்கும் இல்லை.

## மறுசுழற்சி செய்தால் போதாதா?

மறுசுழற்சி நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதியது செய்தால், தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 95 சதவீதம் மிச்சம். ஆனால் அலுமினியம் எளிமையான பொருள். உப்பையும் சர்க்கரையையும் மணலையும் கலந்துவிட்டுத் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கைபேசியும் கலப்பு நூல் துணியும் பல அடுக்குப் பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். உலகின் பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதமே மறுசுழற்சி ஆகிறது. 2022ல் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது சுமார் 22 சதவீதத்துக்குத்தான். பழைய துணி மறுபடி துணியாவது நூற்றில் ஒன்றுகூட இல்லை.

எல்லாவற்றையும் குறையின்றி மறுசுழற்சி செய்ய முடிந்தாலும் ஒரு தடை இருக்கிறது. இன்று குப்பைக்கு வருவது சில ஆண்டுகளுக்கு முன் செய்தவை. விற்பனை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனால், திரும்பி வருவது எப்போதும் இன்றைய தேவையைவிடக் குறைவாகவே இருக்கும். மீதியை மறுபடி தோண்டித்தான் எடுக்க வேண்டும். தொட்டிக் கணக்கில் சொன்னால், துளையில் வருவதைக் கொஞ்சம் பிடித்துக் குழாயில் ஊற்றுகிறோம், ஆனால் குழாயை இன்னும் திறந்துகொண்டே இருக்கிறோம்.

## திறன் கூடினால்?

"தொழில்நுட்பம் முன்னேறும், குறைந்த வளத்தில் அதிகம் செய்வோம்" என்பது அடுத்த நம்பிக்கை. பாதி உண்மை. 1865ல் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒன்றைக் கவனித்தார். நீராவி எந்திரங்கள் மேம்பட்டுக் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியபோது, நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, ஏறியது. எந்திரம் ஓட்டுவது மலிவானதும் அதை எல்லா இடத்திலும் ஓட்டினார்கள். சிக்கனத்தால் மிச்சமானதைக் கூடுதல் பயன்பாடு விழுங்கிவிடுவதை மீள்விளைவு என்கிறார்கள்.

இன்றும் இது நடக்கிறது. கார் எஞ்சின்கள் திறன் கூடின, கார்களோ பருத்தன. உலகில் விற்கும் புதுக் கார்களில் ஏறக்குறைய பாதி எஸ்யுவி வகை. மீள்விளைவு எப்போதும் முழு மிச்சத்தையும் விழுங்கும் என்றும் இல்லை. எல்இடி பல்பால் வீட்டு வெளிச்சத்துக்கான மின்சாரம் பல நாடுகளில் உண்மையாகவே குறைந்தது. ஆனால் திறன் மட்டும் தனியாக நம்மைக் கரைசேர்க்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

## யார் நுகர்கிறார்கள்?

"மக்கள் பெருகிவிட்டார்கள், அதுதான் காரணம்" என்பது இந்தப் பேச்சில் தவறாமல் வரும். உலகின் கரிம வாயுக்களில் கிட்டத்தட்டப் பாதிக்கு, வருமானத்தில் மேலே இருக்கும் 10 சதவீதம் பேரே காரணம். கீழே இருக்கும் பாதி மக்கள்தொகையின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டித்தான். பிள்ளைகள் அதிகமுள்ள ஏழைக் குடும்பத்தைச் சுட்டுவது சுலபம். கணக்கு அங்கே இல்லை.

## ஓட்டத்தை மெதுவாக்குவது

வேகம்தான் பிரச்சினை என்றால், செய்ய வேண்டியதும் அங்கேதான். ஒரு பொருளை இரு மடங்கு காலம் வைத்திருந்தால், அதன் தயாரிப்புச் சுமை ஆண்டுக்குப் பாதியாகிவிடும். பசுமை என்று முத்திரை குத்திய புதுப்பொருளைவிட, ஏற்கனவே வீட்டில் இருக்கும் சாதாரணப் பொருள் பல நேரம் மேலானது. வாங்கும்போது கேட்கக்கூடிய கேள்விகளும் எளிமையானவை. பேட்டரியைக் கழற்ற முடியுமா? உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? மென்பொருள் புதுப்பிப்பு எப்போது நின்றுபோகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத பொருளை நான் இப்போது வாங்குவதில்லை.

ஆனால் ஒட்டிவைத்த காதுக்கருவியைத் தனிமனிதர் எவ்வளவு மனம் வைத்தாலும் திறக்க முடியாது. அங்கே சட்டம்தான் வர வேண்டும். பிரான்ஸ் 2015ல் திட்டமிட்ட காலாவதியைச் சட்டப்படி குற்றமாக்கியது. கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி போன்றவற்றின் மேல், அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்ற விதியை 2021ல் கொண்டுவந்தது. ஆஸ்திரியா 2022ல் மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், சில விலக்குகளைத் தவிர.

எல்லோரும் குறைவாக வாங்கினால் வேலை போய்விடாதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆலை வேலை சில குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழுது பார்ப்பது, தைத்துக் கொடுப்பது, உதிரிபாகம் மாற்றுவது, வாடகைக்கு விடுவது எல்லாம் கைவேலை நிறைந்த தொழில்கள். ஒரு பொருளுக்கு அவை கேட்கும் மனித உழைப்பு அதிகம், மண்ணிலிருந்து கேட்பது குறைவு. இன்று அவை நலிந்து கிடப்பதற்கு ஒரு காரணம், புதுப்பொருளின் விலையில் அதன் புறச்செலவு சேராததுதான். அது சேரும் நாளில் என் காதுக்கருவியை வாங்கிப் பார்த்த அந்த மனிதருக்கு வேலை கூடும்.